ஆற்றங்கரைச் சாலைகளில் வண்டி ஓட்டுதல்: வாசகர் கேள்வி – பதில்

காவிரிப் படுகையின் கிராமச் சாலைகளில் வண்டி ஓட்டுவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை ஆசிரியர் குழு என்னிடம் கொடுத்து, பதில் எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டது. மன்னார்குடி, நீடாமங்கலம், குடவாசல், வலங்கைமான் பகுதிகளின் கிளைச்சாலைகளில் முப்பத்தோரு ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். அதன்பின் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் புதிதாகக் கார் வாங்கியிருக்கிறான். நான்குவழிச் சாலையில் நன்றாகவே ஓட்டுகிறான். ஆனால் எங்கள் ஊருக்கு வரும் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரும் வெண்ணாற்றங்கரைச் சாலை. இரவில் அந்த வழியே வருகிறான் என்றால் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. அவனுக்கு என்ன சொல்லி அனுப்புவது?
– ஒரு தந்தை, நீடாமங்கலம் வட்டம்

பதில்: ஐயா, தங்கள் கவலை முற்றிலும் நியாயமானது. அவர் வந்து போகும் வழியை ஆற்றுக்குப் போட்ட கரை என்றுதான் முதலில் அவர் நினைக்க வேண்டும். தார் பிற்பாடு வந்தது. கல்லணையில் பிரியும் வெண்ணாறு, தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்து அனுப்பிவிட்டு, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று மேலும் கிளைவிடுகிறது. அந்த ஆறுகள் எப்படி எப்படி வளைந்தனவோ அப்படியே கரையும் வளைகிறது, கரைமேல் போட்ட சாலையும் வளைகிறது. நெடுஞ்சாலையில் ஒரு வளைவை அமைக்கும்போது வண்டி வரும் வேகத்தைக் கணக்கிட்டு அமைக்கிறார்கள். கரைச்சாலையின் வளைவுகளை அப்படி யாரும் கணக்கிட்டதில்லை. ஆகவே நேராக இருக்கும் அரை கிலோமீட்டரை நம்பி வேகம் எடுப்பவருக்கு அடுத்த வளைவு எந்த எச்சரிக்கையும் தருவதில்லை.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். மகனிடம் அப்படியே சொல்லுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். எதிரே ஒன்றைக் கண்டு, கால் பிரேக்கை அடைவதற்குள் அந்த ஒரு நொடி போய்விடுகிறது. அதன்பின் காய்ந்த சாலையில்கூட வண்டி நிற்க இன்னும் இருபது மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக மொத்தம் நாற்பது மீட்டர் ஆகிறது. விளக்கை டிம்மில் வைத்து ஓட்டும்போது தெளிவாகத் தெரியும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது 60இல் போகிறவர், படுத்திருக்கும் மாட்டைக் கண்ட கணமே பிரேக்கை மிதித்தாலும் மாட்டின் அருகில்தான் நிற்பார். மழை பெய்திருந்தால் நிற்கவே மாட்டார். 40இல் போனால் இருபது மீட்டர் சொச்சத்தில் வண்டி நின்றுவிடும். கரைச்சாலையில் இரவில் 40, மழை இரவில் 30 என்பது நான் பேருந்தில் கடைப்பிடித்த அளவு. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு 60இல் பன்னிரண்டு நிமிடம், 40இல் பதினெட்டு நிமிடம். அந்த ஆறு நிமிடத்துக்காகத் தாங்கள் விழித்திருப்பதை அவரிடம் சொல்லலாம்.

அடுத்தது பாலம். கரை வழியே வரும் சாலை ஆற்றைக் கடக்கும் இடத்தில் ஏறக்குறைய செங்குத்தாகத் திரும்பிப் பாலத்தில் ஏறும். வண்டியின் முகப்பு விளக்கு நேராகத்தான் அடிக்குமே தவிர, நாம் திரும்பப்போகும் பக்கத்தைக் காட்டாது. அதனால் அந்தத் திருப்பத்தில் வெளிச்சம் முழுவதும் தண்ணீர்மேல் போய் விழ, பாலம் இருட்டில் கிடக்கும். பழைய பாலங்களில் கைப்பிடிச்சுவர் முழங்கால் உயரந்தான்; சிலவற்றில் அதுவும் இடிந்திருக்கும். பாலத்துக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்து, எதிர்ப்பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, ஒலி எழுப்பி, பிறகே திரும்ப வேண்டும். எதிர்க்கரையிலிருந்து வண்டி வந்தால், அது பாலத்தைவிட்டு இறங்கும்வரை இப்பக்கம் நிற்பதே முறை.

எதிரே பேருந்தோ நெல் லாரியோ வந்தால் ஓரம் ஒதுங்குவதிலும் கவனம் வேண்டும். 1990களில் ஒரு ஐப்பசி மாலை, மழை விட்ட நேரம், எதிரே வந்த லாரிக்கு வழிவிடப் பேருந்தைத் தாரைவிட்டு இறக்கினேன். பார்வைக்குப் புல் முளைத்த கெட்டியான மண். பின்சக்கரம் இறங்கியதும் மண் அப்படியே சரிந்து, வண்டி ஆற்றுப் பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். யாரும் அசையாமல், சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் உட்கார்ந்தபடியே இருக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஆற்றில் அன்று கரைமுட்டத் தண்ணீர். அன்றைக்குப் பிறகு, மழைக்காலத்தில் தண்ணீர்ப் பக்கத்து மண்ணில் நான் சக்கரத்தை வைத்ததேயில்லை. தூரத்தில் வெளிச்சம் தெரியும்போதே, மதகடியிலோ கோயிலடியிலோ படித்துறை அருகிலோ சாலை சற்று அகலமாக இருக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டு, பெரிய வண்டியைப் போகவிட வேண்டும்.

தார் ஓரத்துக்கும் மண்ணுக்கும் இடையே அரை அடி பள்ளம் இருக்கும் சாலைகள் நம் பக்கம் நிறைய உண்டு. ஒரு சக்கரம் அதில் இறங்கிவிட்டால் பதறி ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பக் கூடாது. சக்கரம் தாரின் விளிம்பில் ஏறியதும் வண்டி மறுபக்கத்துக்குப் பாய்ந்துவிடும், அங்கே வயல் பள்ளமோ ஆறோ காத்திருக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் நன்றாகக் குறைந்த பின் மெல்ல மேலே ஏற்ற வேண்டும்.

கைபேசி வரைபடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடகரை, தென்கரை என்ற வேறுபாடு அதற்குப் பெரிதாகத் தெரிவதில்லை. வெறும் மண்கரையையும் சாலை என்று காட்டிவிடும். கரை மாறி வந்துவிட்டதாகத் தெரிந்தால் அங்கேயே வண்டியைத் திருப்ப முயல வேண்டாம். கரைமேல் இரவில் பின்னோக்கி எடுப்பதைப் போல ஆபத்தான செயல் வேறில்லை. அடுத்த பாலம்வரை போய்க் கடந்து வரட்டும்.

கேள்வி: சென்ற புரட்டாசியில் சாலையில் காயப்போட்டிருந்த நெல்லில் என் கணவரின் மோட்டார் சைக்கிள் சறுக்கி, அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கேட்டால், "நாங்கள் வேறு எங்கே காயவைப்பது?" என்கிறார்கள். தவறு யார்மேல்?
– ஒரு வாசகி, குடவாசல்

பதில்: அம்மா, தங்கள் கணவர் விரைவில் நலம் பெற வேண்டும். பொதுவழியை மறிப்பது சட்டப்படி குற்றமே, அதில் ஐயமில்லை. ஆனால் நெல் ஏன் சாலைக்கு வருகிறது என்பதையும் சொல்லாமல் விட்டால் நான் பாதிதான் பதில் சொன்னவனாவேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சில பருவங்களில் மத்திய அரசு அதைத் தளர்த்தி உத்தரவிடுகிறது; அந்த உத்தரவு வரும்வரை விவசாயி காத்திருக்க முடியாது. குறுவை அறுவடை விழுவதோ புரட்டாசி, ஐப்பசியில், மழை தொடங்கும் வேளையில். வயல் ஈரம், வீட்டு வாசல் ஈரம், உலர்களம் பல ஊர்களில் இல்லை அல்லது போதவில்லை. காய்ந்து கிடக்கும் ஒரே இடம் தார்ச்சாலை. அவர்களுடைய கேள்வியும் உண்மையானதுதான்; தங்கள் கணவரின் தோள்பட்டையும் உண்மையானதுதான்.

ஓட்டுபவர் செய்ய வேண்டியது இது. நெல்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உருள்வதால், டயருக்கும் தாருக்கும் நடுவே சிறுசிறு உருளைகளைப் பரப்பியது போல் ஆகிவிடுகிறது. அதன்மேல் மூன்று செயல்கள் கூடவே கூடாது: பிரேக் பிடிப்பது, சாய்ந்து திரும்புவது, சட்டென்று வேகம் கூட்டுவது. நெல்லைக் கண்டதும், அதை அடைவதற்கு முன்பே, வெறும் தாரில் இருக்கும்போதே பிரேக் பிடித்து 20க்குக் குறைத்துவிட வேண்டும். பிறகு ஹேண்டில்பாரை நேராகப் பிடித்து, எந்தப் பிரேக்கையும் தொடாமல், ஒரே சீராகக் கடக்க வேண்டும். அவசரத்தில் முன்பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் சாயும். தோள்பட்டையும் மணிக்கட்டும் உடைவது பெரும்பாலும் அப்படித்தான். பின்னால் ஆள் இருந்தால் இறங்கி நடந்து வரச் சொல்வதில் எந்த இழுக்கும் இல்லை.

வைக்கோல் இன்னொரு வகை. உளுந்து, எள்ளுச் செடிகளையும் வண்டிகள் ஏறித் துவைக்கட்டும் என்று சாலையில் பரப்புகிறார்கள். இரு சக்கர வண்டிக்கு அது சறுக்கல். செயினிலும் அச்சிலும் சுற்றிக்கொள்ளும். காருக்கு அது தீ. அடியில் ஓடும் புகைக்குழாய் பல கிலோமீட்டர் ஓடிய பின் கொதிக்கும் சூட்டில் இருக்கும். வைக்கோல்மேல் நிறுத்தினாலோ, கத்தையாக அடியில் சிக்கிக்கொண்டாலோ பற்றிக்கொள்ளும். வைக்கோலைக் கடந்த பிறகு, நல்ல இடத்தில் நிறுத்தி அடியில் குனிந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

நெல் காயவைப்போருக்கும் என் வேண்டுகோள் உண்டு. நானும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான், உரிமையோடு கேட்கிறேன். சாலையின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வளைவிலும், பாலத்து ஏற்றத்திலும், பள்ளிக்கூடத்தருகிலும் போடாதீர்கள். அந்தி சாய்ந்தால் நெல்லைக் குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி, சுற்றிலும் கருங்கல்லை அடுக்கிவிட்டுப் போகிறோமே, அதுதான் எல்லாவற்றிலும் கொடியது. இரவில் தார்ப்பாயும் கண்ணுக்குத் தெரியாது, கல்லும் தெரியாது. கல்லுக்குப் பதிலாக மணல் மூட்டையோ நெல் மூட்டையோ வைக்கலாம். வெள்ளைச் சாக்கு ஒன்றை நான்கு மூலையிலும் விரித்துவைத்தாலே போதும், வரும் வண்டியின் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். அள்ளிய பிறகு கற்களை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: தை மாத அதிகாலையில் தஞ்சாவூர் போக வேண்டியிருக்கிறது. பனிமூட்டத்தில் பிரைட் லைட் போட்டாலும் எதுவும் தெரிவதில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: பிரைட் போடுவதால்தான் தெரிவதில்லை. பனி என்பது நுண்ணிய நீர்த்துளிகள். மேல்நோக்கி அடிக்கும் வெளிச்சம் அவற்றில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி, வெள்ளைத் திரை போலாகிவிடுகிறது. டிம்மில் வைத்து, சாலையின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்ட வேண்டும். எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும்போதும் இதுவே வழி. நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டுகிறார்கள். அது நிற்கும் வண்டிக்கான அடையாளம். ஓடும்போது போட்டால், திரும்பப் போகிறீர்களா நிற்கப் போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போவதும் தவறு, அவர் சாலையைவிட்டு இறங்கினால் நீங்களும் இறங்குவீர்கள். சன்னலைச் சற்று இறக்கிவிட்டால் காதும் கண்ணுக்குத் துணையாகும்.

தை மாதத்தில் பனியைவிட எனக்கு அச்சம் தருவது பனிக்குள் இருக்கும் வண்டிகள். அது சம்பா அறுவடைக் காலம். அறுவடை இயந்திரத்தை ஏற்றிய வண்டி, அதன் முன்பக்கத்து வெட்டும் பகுதி ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்க வரும். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் பெட்டிகள் பலவற்றில் பின்விளக்கே இருக்காது. இருந்தாலும் வைக்கோல் தொங்கி மறைத்திருக்கும். டிராக்டர் வைத்திருப்போர் பெட்டியின் பின்புறம் முழு அகலத்துக்கும் சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டுவதற்கு ஆகும் செலவு, ஒரு நாள் டீசல் செலவில் சிறு பங்குகூட இராது. இதைப் படிக்கும் ஒரு டிராக்டர்காரர் இன்றே ஒட்டினால் இந்தப் பகுதிக்கு நான் எழுதியது வீண்போகவில்லை என்று கொள்வேன். சேற்றுழவு முடிந்து இரும்புச் சக்கரத்தோடு சாலையில் ஏறும் டிராக்டர், தாரையும் பெயர்த்து, களிமண்ணையும் கொட்டிவிட்டுப் போகிறது. அந்தக் களிமண்மேல் ஒரு தூறல் விழுந்தால் எண்ணெய் பூசிய தரைதான். நாற்றங்காலும் நடவும் நடக்கும் ஆடி, ஆவணி, புரட்டாசியில் வயல் பாதைகள் சாலையைச் சேரும் இடங்களில் இதை எதிர்பார்த்தே ஓட்டுங்கள்.

கேள்வி: ஆட்டுக் கூட்டம், வாத்துக் கூட்டம் எதிர்ப்பட்டால் ஒலி எழுப்பிக் கலைப்பதா, காத்திருப்பதா?
– ஒரு வாசகர், கோட்டூர்

பதில்: காத்திருப்பதுதான். சம்பா அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கிடை போட வரும் கீதாரிகள், நூற்றுக்கணக்கான ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஒலி கேட்டால் ஆடு ஓரம் ஒதுங்காது. ஒன்றையொன்று முட்டி நடுச்சாலைக்கே வரும். வண்டியை நிறுத்துங்கள், முன்னால் வருபவர் கையசைத்து வழி செய்வார். கடைசி ஆடு போய்விட்டது என்று நினைத்த பிறகும், தாயைத் தேடிப் பின்னால் ஓடிவரும் குட்டிகளுக்காக ஒரு நிமிடம் பொறுங்கள்.

கேள்வி: கார் வாய்க்காலிலோ ஆற்றிலோ விழுந்துவிட்டால் கதவைத் திறக்க முடியாது என்கிறார்கள். உண்மையா? மழைக்காலத்தில் சாலைமேல் தண்ணீர் ஓடினால் எவ்வளவு ஆழம்வரை போகலாம்?
– கல்லூரி ஆசிரியை ஒருவர், திருத்துறைப்பூண்டி

பதில்: உண்மைதான் அம்மா. இதை ஒவ்வொரு வீட்டிலும், குறிப்பாகப் பின்னிருக்கையில் உட்காரும் பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும். வெளியே தண்ணீர் கதவை அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளே காற்று இருக்கும்வரை எவ்வளவு வலுவுள்ளவராலும் அதைத் திறக்க இயலாது. எப்படியோ திறந்துவிட்டாலோ தண்ணீர் ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்து வண்டி அமிழ்ந்துவிடும். ஆனால் விழுந்த கணமே கார் அமிழ்வதில்லை. ஏறக்குறைய ஒரு நிமிடம் மிதக்கும். அந்த ஒரு நிமிடத்தைக் கைபேசியில் அழைப்பதற்குச் செலவழித்து உயிரிழந்தவர்கள் உண்டு. செய்ய வேண்டிய வரிசை: சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள், உடனே சன்னலை இறக்குங்கள், மின்சாரச் சன்னலும் தண்ணீரில் விழுந்த சிறிது நேரம் பெரும்பாலும் வேலை செய்யும், பிள்ளைகளை முதலில், பெரிய பிள்ளையிலிருந்து தொடங்கி, சன்னல் வழியே வெளியே தள்ளுங்கள், பிறகு நீங்கள் வெளியேறுங்கள். சன்னல் இறங்காவிட்டால் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் அடித்து உடைக்க வேண்டும். முன்கண்ணாடியை அடித்துப் பயனில்லை, அது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய படலம் வைத்து ஒட்டப்பட்டது, விரிசல் விடுமே தவிரப் பிரியாது. கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியல் ஒன்றைக் கை எட்டும் இடத்தில் மாட்டிவைப்பது, கரைச்சாலையில் தினமும் போகிறவர்களுக்கு மிகவும் தேவை. டிக்கியில் வைத்தால் அது இல்லாததற்குச் சமம்.

சாலைமேல் ஓடும் தண்ணீரைப் பற்றி: "எவ்வளவு ஆழம்வரை போகலாம்" என்ற கேள்வியையே கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தேங்கி நிற்கும் தண்ணீர் வேறு. ஓடும் தண்ணீர் வேறு. வேகமாக ஓடும் அரை அடித் தண்ணீர் நிற்கும் மனிதனின் காலை வாரிவிடும். ஓரடித் தண்ணீர் சிறிய காரை மிதக்கவைத்து நகர்த்திவிடும். இரண்டடியில் பெரிய வண்டிகளும் அடித்துச் செல்லப்படும். தரைப்பாலத்தில் ஓடும் தண்ணீரின் ஆழம் கண்ணுக்குத் தெரிந்தாலும், அதன் அடியில் சாலை இருக்கிறதா என்பது தெரியாது. நம் பக்கத்து மண் கரைந்துவிடும் மண்; மேலே தார் பாலம் போல் நிற்க, அடியில் குடைந்து போயிருக்கும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு பல நாட்கள், சாலையெங்கும் மரங்களும் மின்கம்பங்களும் கம்பிகளும் கிடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். தண்ணீருக்குள் அறுந்த மின்கம்பி கிடந்தால் இறங்கிப் பார்ப்பவரே முதலில் பலியாவார். தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள். சுற்று வழி முப்பது கிலோமீட்டர் என்றாலும் சரி.

கேள்வி: ஆவணியில் வேளாங்கண்ணிக்கு இரவு பகலாக மக்கள் நடந்து போகிறார்கள். அந்த நாட்களில் பால் வண்டி ஓட்டும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.
– ஒரு வாசகர், கீழ்வேளூர்

பதில்: ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 பெருவிழா வரையிலும், அதற்கு முந்தைய சில நாட்களிலும் அந்தச் சாலைகள் நடப்பவர்களுடையவை என்று எண்ணியே ஓட்டுங்கள். தொலைவிலிருந்து நடந்து வருகிறவர்கள் களைப்பில் வரிசை தவறுவார்கள், சாலையோரத்திலேயே படுத்துத் தூங்குவார்கள்; அவர்கள் தூங்கும் ஓரத்தில்தான் எதிர்வண்டிக்கு வழிவிட நீங்கள் ஒதுங்குவீர்கள். ஆகவே ஓரத்தை வெளிச்சத்தில் பார்க்காமல் தாரைவிட்டு இறங்கவே வேண்டாம். நடப்பவர்களுக்கும் சொல்கிறேன்: சாலையின் வலப்புறமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி நடங்கள், குழுவின் முன்னும் பின்னும் வருபவர்கள் ஒளிரும் பட்டையும் கைவிளக்கும் வைத்திருங்கள், காவியோ நீலமோ இரவில் எல்லாம் கறுப்புத்தான். சமயபுரத்துக்கு நடப்பவர்களுக்கும் இதுவே.

கேள்வி: பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் பள்ளிக்கு ஏழு கிலோமீட்டர் போக வேண்டும், பேருந்து வசதி சரியில்லை. ஸ்கூட்டரில் அனுப்புகிறேன். தவறா?
– ஒரு தந்தை, மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: தவறு. பேருந்து இல்லாத கொடுமையை அறிந்தவன் என்பதால் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். 18 வயது நிறையாதவர், 50 சிசிக்கு மேற்பட்ட எந்த மோட்டார் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் ஓட்ட உரிமம் பெற முடியாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது. உரிமமில்லாதவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். அதே ஊரிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து, பேருந்து நேரத்தை மாற்றும்படி கிளை மேலாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெற்ற ஊர்கள் எனக்குத் தெரியும். என் பேருந்தே அப்படி இருபது நிமிடம் முன்தள்ளப்பட்டது. அதுவரை சைக்கிள் நல்லது.

கேள்வி: நடவு வேலைக்குச் சரக்கு ஆட்டோவில் இருபது பேர் நின்றுகொண்டு போகிறோம். வேறு வழி இல்லை.
– ஒரு வாசகி, வலங்கைமான் வட்டம்

பதில்: அம்மா, தங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கூலிக்கு ஆள் அழைப்பவரின் பொறுப்பு இது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டத்துக்கு மாறானது. விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறுவதும் கடினம். இதை வேலைக்கு அழைப்பவரிடம் எல்லோருமாகச் சேர்ந்து சொல்லுங்கள். இருபது பேர் நிற்கும் வண்டியின் கனம் மேலே ஏறிவிடுவதால், கரைச்சாலை வளைவில் அது சாதாரண வேகத்திலேயே கவிழும். இப்போதைக்கு ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், யாரும் நிற்காமல் தரையில் உட்காருங்கள், ஓரப் பலகைமேல் யாரும் அமர வேண்டாம், ஓட்டுபவரை மெல்லப் போகச் சொல்லுங்கள். உங்கள் குரலுக்கு அவர் கட்டுப்படுவார்.

கேள்வி: இரவில் விபத்தைக் கண்டால் உதவ ஆசைதான். ஆனால் வழக்கு, சாட்சி என்று அலைய வேண்டிவரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். ஒருமுறை 108ஐ அழைத்தும், நாங்கள் இருந்த இடத்தைச் சொல்லத் தெரியாமல் வண்டி வரத் தாமதமாயிற்று.
– ஒரு வாசகர், குத்தாலம்

பதில்: வீட்டாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நெறிமுறைகளும், பின்னர் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவும், விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கின்றன. உங்கள் பெயரையோ முகவரியையோ சொல்லும்படி காவல்துறையோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்த முடியாது. சாட்சியாவது உங்கள் விருப்பம். சிகிச்சைச் செலவுக்கு உங்களைப் பொறுப்பாக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இடம் சொல்வதுதான் நம் பகுதியில் உண்மையான சிக்கல். "ஆற்றங்கரையில், பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்றால், அப்படி ஆயிரம் இடம் இருக்கிறது. எந்த ஆறு, வடகரையா தென்கரையா என்பதை முதலில் சொல்லுங்கள். கரை மாறினால் ஆம்புலன்ஸ் அடுத்த பாலம்வரை போய்ச் சுற்றி வர அரை மணி நேரம் ஆகிவிடும். அடுத்து, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே என்று சொல்லுங்கள். மைல்கல்லில் இருக்கும் எண், மதகிலோ பாலத்திலோ எழுதியிருக்கும் எண், அருகிலுள்ள மின்கம்பத்தின் எண், இவற்றில் ஒன்றைக் கைவிளக்கு அடித்துப் படித்துச் சொல்லுங்கள். தொலைவில் வெளிச்சம் தெரியும் ஊருக்கு ஒருவரை அனுப்பி, சாலை பிரியும் முனையில் நிற்கவைத்து ஆம்புலன்ஸுக்கு வழி காட்டச் சொல்லுங்கள். அதுவரை, விபத்து நடந்த இடத்துக்கு இரு பக்கமும் ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி, வளைவு இருந்தால் வளைவுக்கு முன்பே, ஒருவர் கைபேசி வெளிச்சத்தை அசைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டாவது வண்டி வந்து மோதுவதுதான் அடிக்கடி நடக்கிறது. காயமடைந்தவர் பேச்சற்றுக் கிடந்தால் தூக்கி உட்காரவைக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள். இரத்தம் பீறிட்டால் துண்டை மடித்து அந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்து, ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து கையை எடுக்கச் சொல்லும்வரை எடுக்காமல் இருங்கள்.